மாறுவேடம் சொல்லும் உண்மை

ஒருவர் தம் உருவை மறைத்து வேறொருவராக வந்து நிற்கிறார். அவர் திருடராக இருந்தால் நமக்கு அச்சம் உண்டாகிறது. ஒற்றராக இருந்தால் வியப்பு உண்டாகிறது. காதலராக இருந்தாலோ சிரிப்பு உண்டாகிறது. செயல் ஒன்றே; ஆயினும் காதலனின் மாறுவேடத்தைக் கண்டு மட்டும் நாம் ஏன் சிரிக்கிறோம்? இந்தச் சிறிய கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று திரைப்படங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கல்வி பயில்வோரிடம் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவதா என்று யாரும் தயங்க வேண்டா. நல்ல நகைச்சுவைப் படம் நல்ல நாடகத்தைப் போன்றது. அதில் நம் முகம் நமக்கே தெரியும்.

என் ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. இன்று அது கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. என் இளமையில் தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திரைப்படம் என்ற ஒன்றைக் காண்பதற்கு முன்னரே மாறுவேடக் காதற்கதை ஒன்றை எங்கள் பக்கத்துத் திருவிழாவில் நான் கண்டிருக்கிறேன். அதுதான் 'வள்ளி திருமணம்' நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி, தமிழ்நாடெங்கும் பரவிய நாடகம் அது.

தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறான். அவளுடைய உறவினர் வரும் அரவம் கேட்டதும் வேங்கை மரமாக நிற்கிறான். பின்னர்த் தள்ளாடும் கிழவனாகத் திரும்பி வருகிறான். பசி என்கிறான், தேனும் தினைமாவும் பெறுகிறான். விக்கல் என்கிறான், தண்ணீர் கேட்கிறான். முடிவில் அண்ணன் விநாயகனை யானையாக வரச் செய்ய, அஞ்சிய வள்ளி அந்தக் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் ஊரே குலுங்கிச் சிரிக்கும்.

வந்திருப்பவன் முருகன் என்பது வள்ளிக்குத் தெரியாது, அவளுடைய தந்தைக்குத் தெரியாது, தமையன்மார்க்கும் தெரியாது. ஆனால் முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுச் சிறுவனுக்குத் தெரியும். மேடையில் இருப்போர் அறியாததைக் கீழே இருப்போர் அறிந்திருக்கிறோம். இதுவே மாறுவேட நகைச்சுவையின் முதல் விதி. திருடனின் வேடம் நம்மையும் சேர்த்து ஏமாற்றுகிறது, ஆதலால் அஞ்சுகிறோம். காதலனின் வேடத்தில் நாம் பங்காளிகள், ஆதலால் சிரிக்கிறோம்.

நகை எனும் மெய்ப்பாடு தோன்றுவதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இகழ்தலும், பருவத்தின் துடிப்பும், அறியாமையும், கேட்டதை ஆராயாமல் மெய்யென்று நம்பிவிடுதலும் சிரிப்பை விளைவிக்கும் என்று நான் அவற்றுக்குப் பொருள் கொள்கிறேன். மாறுவேடக் கதையில் இந்த நான்கும் ஒருங்கே வந்து கூடுவதைப் பாருங்கள். வேடம் பூணுவது இளமை. அதனை நம்புவது மடன். நம்பியவர் மேலும் மேலும் குழம்புவது பேதைமை. அவரைப் பார்த்து நாம் செய்வது எள்ளல். இந்த வகைக் கதைகள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் வாடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

பிற நாடுகளிலும் இதே இலக்கணந்தான். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் வயோலா என்னும் நங்கை ஆணுடை தரித்து ஒரு பிரபுவிடம் பணிபுரிகிறாள். அந்தப் பிரபுவையே காதலிக்கவும் செய்கிறாள். அந்த மரபு நாடக மேடையிலிருந்து அமெரிக்கத் திரைப்படத்துக்கு வந்து சேர்ந்தது. ஹாலிவுட்டில் இவ்வகையில் எடுக்கப்பட்ட படங்களுள் தலைசிறந்தது எனப் பலரும் போற்றுவது, பில்லி வைல்டர் இயக்கி 1959-இல் வெளிவந்த 'சம் லைக் இட் ஹாட்'. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000-ஆம் ஆண்டில் நூறு நகைச்சுவைப் படங்களை வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் தந்தது.

கதை 1929-இல் சிகாகோ நகரில் தொடங்குகிறது. ஜோ, ஜெர்ரி என இரண்டு இசைக்கலைஞர்கள். வேலை இல்லை, கையில் காசும் இல்லை. கடுங்குளிரில் போர்த்திக்கொள்ள வேண்டிய மேலங்கிகளையும் நாய்ப்பந்தயத்தில் தோற்றுவிடுகிறார்கள். அந்நிலையில் ஒரு கொள்ளைக் கூட்டத்தார் செய்யும் கொலைகளைத் தற்செயலாகக் கண்டுவிடுகிறார்கள். உயிர் தப்ப வேண்டும். வயிறும் நிரம்ப வேண்டும். பெண்கள் மட்டுமே உள்ள இசைக்குழு ஒன்றில் இரண்டு இடங்கள் காலியாக உள்ளன. சேலை கட்டத் தெரியாத ஆண்மகன் சேலை கட்டினால் எப்படியோ, அப்படியே இருவரும் பாவாடையும் உயர்குதிச் செருப்பும் அணிந்து புளோரிடாவுக்கு ரயில் ஏறுகிறார்கள். டோனி கர்ட்டிஸும் ஜாக் லெம்மனும் அவ்வேடங்களை ஏற்றார்கள். குழுவின் பாடகியாக மர்லின் மன்றோ நடித்தார். உடையமைப்புக்காக அப்படம் ஆஸ்கார் பரிசு பெற்றது. உடையே கதையாக அமைந்த படத்துக்கு அது பொருத்தமான பரிசுதான்.

அந்தப் பாடகி ஒரு செல்வந்தனை மணக்க விரும்புகிறாள். தோழி என்று நம்பி, வேடமிட்ட ஜோவிடமே அந்த ஆசையைச் சொல்லிவிடுகிறாள். ஜோ என்ன செய்கிறான்? பெண் வேடத்தைச் சற்றுக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய்க் கம்பெனிச் சீமானாக இரண்டாவது வேடம் பூணுகிறான். ஏழை இசைக்கலைஞனாகவே சென்றிருந்தால் அவள் திரும்பிப் பார்த்திருப்பாளா என்ற ஐயம் அவனுக்கு. வேடத்தின் பின்னால் இருப்பது விளையாட்டு மட்டுமன்று. ஒரு வயிறும், ஒரு தாழ்வு மனப்பான்மையும் இருக்கின்றன. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் தமிழ்ப் படங்களுக்கு வருவோம்.

1955-இல் பொங்கலையொட்டி வெளிவந்தது 'மிஸ்ஸியம்மா'. எல். வி. பிரசாத் இயக்கிய இப்படத்தை விஜயா நிறுவனத்தார் தமிழிலும் தெலுங்கிலுமாக எடுத்தார்கள். தமிழில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தார்கள். ஒரு வங்காள நாடகத்திலிருந்து வந்த கதை அது. கிராமத்துப் பள்ளி ஒன்றுக்குக் கணவனும் மனைவியுமாக இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் வருகிறது. பாலுவுக்கும் வேலை இல்லை. மேரிக்கும் வேலை இல்லை. மேரியின் குடும்பத்துக்குக் கடன் வேறு. அவன் இந்து; அவள் கிறித்தவள். ஒருவரை ஒருவர் அறியாத இருவரும் தம்பதிகளாக நடிக்க உடன்பட்டு அந்த ஊருக்குப் போகிறார்கள்.

இங்கே நாம் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாறுவேடம் என்பது வேறு; ஆள்மாறாட்டம் என்பது வேறு. தெரிந்தே பூணுவது மாறுவேடம். தெரியாமலே ஒருவர் வேறொருவராகக் கருதப்படுவது ஆள்மாறாட்டம். 'மிஸ்ஸியம்மா'வில் இரண்டும் உண்டு. மனைவி வேடத்தை மேரி தெரிந்தே பூணுகிறாள். ஆனால் சிறுவயதில் தொலைந்துபோன அந்த வீட்டு மூத்த மகள் தானே என்பது அவளுக்குத் தெரியாது. தொலைந்த அம்மகளின் பெயரால் நடக்கும் பள்ளியிலேயே அவள் சம்பளத்துக்குப் பாடம் சொல்கிறாள். அவள் சொல்லும் பொய் ஒன்று. அவளே அறியாத மெய் மற்றொன்று. சிரித்துக்கொண்டே பார்க்கும் நமக்கு நெஞ்சில் ஓரிடத்தில் ஈரம் கசிவது இதனால்தான். படித்த இருவர், படிப்பு ஒன்றை மட்டும் காட்டி வேலை பெற முடியாமல் பொய்த் தாலி தேட வேண்டியிருந்தது என்பதும் அந்த ஈரத்துக்கு ஒரு காரணம்.

அடுத்து, 'காதலிக்க நேரமில்லை'. ஸ்ரீதர் தம் சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் இயக்கி, 1964 பிப்ரவரியில் வெளியிட்ட வண்ணப்படம். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று கண்ணீர்க் கதைகளால் புகழ்பெற்றவர் அவர். அவரும் அவருடைய இளமை நண்பர் கோபுவும் சேர்ந்து, தொடக்கம் முதல் முடிவு வரை சிரிக்க வைக்கும் கதையை ஆக்கினார்கள். வின்சென்ட் ஒளிப்பதிவு செய்தார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றின் பசுமை அதில் பளிச்சிடும். அடுத்த ஆண்டு தெலுங்கிலும், 1966-இல் 'பியார் கியே ஜா' என்ற பெயரில் இந்தியிலும் அக்கதை மீண்டும் எடுக்கப்பட்டது.

விசுவநாதன் ஒரு பெரிய எஸ்டேட்டின் உரிமையாளர். டி. எஸ். பாலையா அப்பாத்திரத்தை ஏற்றார். மகள்களைச் செல்வர் வீட்டில் மணமுடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. படம் எடுக்கப் பணம் கேட்டு அவரை நச்சரிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ் வருகிறார். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இளைஞன் அசோகன், அந்தப் பெண்களோடு ஏற்பட்ட பூசலால் வேலையை இழக்கிறான். எளிய ஆசிரியர் ஒருவரின் மகன் அவன். புதுமுகமாக ரவிச்சந்திரன் நடித்தார். விசுவநாதனின் வீட்டு வாசலிலேயே கூடாரம் அடித்து, வேலை வேண்டும் என்று பாட்டாகவே பாடிப் போராடுகிறான். போராட்டம் முற்றும்போது ஒரு பொய் சொல்கிறான்: தான் கோடீசுவரர் சிதம்பரத்தின் ஒரே மகன், தந்தையோடு கோபித்துக்கொண்டு வந்தவன் என்று. பொய்க்குச் சான்று வேண்டுமே! நண்பன் வாசுவை வரவழைத்து, முதியவர் வேடமிட்டுத் தன் தந்தையாக நடிக்கச் செய்கிறான். முத்துராமன் ஏற்ற வேடம் அது. வந்த இடத்தில்தான் வாசுவுக்குத் தெரிகிறது, தான் காதலிக்கும் காஞ்சனா அந்த வீட்டு மகள் என்று. சம்பந்தியாக வந்தவனே மருமகனாகவும் ஆக விரும்பினால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

இப்படத்தில் என்னை மிகவும் கவர்ந்தது வேடமிட்டவர்களின் திறமையன்று. வேடத்தை நம்பிய பாலையாவின் முகம். முன்பு அசோகனிடம் எரிந்து விழுந்தவர், அவன் கோடீசுவரர் மகன் என்று கேட்ட அளவில் குழைந்து போகிறார். ஒருமை பன்மையாகிறது. 'அவன்' 'அவர்' ஆகிறான். 'மகன்' என்ற சொல்லுக்கே மரியாதை விகுதி சேர்த்து வாய் குழறுகிறார். இலக்கண நூலார் கனவிலும் கருதாத ஒரு விகுதி! அரங்கம் அதிரச் சிரிக்கிறது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். அசோகனிடம் மாறியது யாது? அதே முகம், அதே குரல், அதே படிப்பு. அவன் தந்தையைப் பற்றிய ஒரு செய்தி மட்டுமே மாறியது. அந்த ஒரு செய்திக்காக ஒரு பெரிய மனிதரின் நாவில் விகுதி மாறுகிறது. வேடம் அசோகனை மறைத்தது, விசுவநாதனைக் காட்டிவிட்டது.

இதுவே மாறுவேட நகைச்சுவையின் இரண்டாவது விதி என்பேன். வேடம், பூண்டவனை மறைக்கும், பார்ப்பவனை வெளிப்படுத்தும்.

இந்த விதியை நான் நூல்களில் கற்கவில்லை. என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. எனினும் உங்கள் வயதினருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

1964-இல் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என்னுடன் தங்கியிருந்தோருள் சிலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வெளுத்த சட்டையும் நுனிநாக்கு ஆங்கிலமுமாக அவர்களோடு திரிந்த எனக்கு, நானும் அவர்களில் ஒருவன் என்ற மயக்கம் வந்துவிட்டது. எங்களுக்கு நிறைய நிலம் உண்டு என்று ஒருநாள் சொன்னேன். பொய்யன்று என்று என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஒன்றரைக் காணியும் நிலந்தானே!

ஐப்பசி மழை நாளில் என் தந்தையார் வந்தார். மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம், அங்கிருந்து சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் என்று பேருந்து மாறி மாறி வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. தோளில் நனைந்த துண்டு. தலையில் ஒரு சாக்குப் பை. பையில் எங்கள் நிலத்தில் விளைந்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வராந்தாவில் நண்பர்களோடு நின்றிருந்தேன். "யாரப்பா இவன்?" என்று ஒருவன் என்னைக் கேட்டான்.

"ஊர்க்காரன். வீட்டிலிருந்து கடலை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்" என்றேன்.

'ஊர்க்காரர்' என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டவனின் ஒருமைக்கு என் ஒருமையைச் சேர்த்துவிட்டேன்.

தந்தையார் காதில் அது விழுந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பையை இறக்கி வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஐயா கொடுத்துட்டு வரச் சொன்னாருங்க, தம்பி. எடுத்துக்குங்க. நான் வரேனுங்க" என்றார். திரும்பி மழையில் நடந்தார். நான் தொடங்கிய நாடகத்தில் எனக்காக ஒரு வேடத்தை அந்த நொடியிலேயே ஏற்று, ஒரு சொல் பிசகாமல் நடித்து முடித்துவிட்டார். பெற்ற பிள்ளையை 'எடுத்துக்குங்க' என்று சொன்ன அந்தப் பன்மை இன்றும் என் காதில் இருக்கிறது.

மறு ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்குக் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. தந்தையார் என்னை அழைத்துச் சென்றார். தரை டிக்கெட், மணலைக் குவித்து உயரமாக்கி உட்கார்ந்தோம். செல்லப்பா திகில் கதை சொல்ல, பாலையா நடுங்கும் கட்டத்தில் என் தந்தையார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாலையாவின் நாவில் விகுதி மாறிய கட்டத்திலும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எளிய ஆசிரியரான தந்தை இருக்க, இல்லாத கோடீசுவரத் தந்தையை அசோகன் படைத்துக்கொண்டான். அந்தப் பொய்த் தந்தையின் பெயர் சிதம்பரம். என் தந்தையை நான் மறைத்த ஊரும் சிதம்பரம்.

படம் முடிந்து நிலவொளியில் வீடு திரும்பினோம். புளியமரச் சாலையில் நின்று, "அப்பா, அன்று விடுதியில் நான் சொன்னது…" என்று தொடங்கினேன். மேற்கொண்டு பேச நா எழவில்லை.

அவர் நடையை நிறுத்தவில்லை. "நீ சொன்னதுல என்னடா பொய்? கடலை கொண்டாந்தவன் நான்தானே! நட, நேரமாச்சு" என்றார்.

'என்னடா' என்றாரே, அந்த ஒரு சொல்லில் என் தந்தையார் எனக்குத் திரும்பக் கிடைத்தார். ஒருமையில் இகழ்ச்சியும் உண்டு, உரிமையும் உண்டு. பன்மையில் மரியாதையும் உண்டு, தொலைவும் உண்டு. எது எதுவென்று சொல்லும் விகுதியில் தெரியாது. சொல்லும் நெஞ்சில்தான் தெரியும்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். காதலனின் மாறுவேடத்தைக் கண்டு ஏன் சிரிக்கிறோம்? அவன் வேடம் கலையும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். கலையும்போது அவனை விரும்புவோர் அவனை அவனாகவே ஏற்பர் என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. வள்ளி தன் முருகனைக் காண்கிறாள். மேரி தன் பெற்றோரை அடைகிறாள். அமெரிக்கப் படத்தின் ஜோ, பொய்முடியைக் கழற்றி எறிந்து தான் யார் என்று சொன்ன பிறகும் அந்தப் பாடகி அவனோடுதான் புறப்படுகிறாள். நகைச்சுவை நாடகம் நமக்குத் தரும் ஆறுதல் அதுதான்: மெய்யான முகத்தைக் காட்டினாலும் அன்பு போய்விடாது.

மாணவ நண்பர்களே, ஊரை விட்டுப் படிக்க வந்திருக்கும் உங்களுள் பலர் ஏதோ ஒரு வேடத்தைப் பூண்டிருக்கக்கூடும். கடன் வாங்கிய சட்டை, கடன் வாங்கிய பேச்சு, சொல்லாமல் விட்ட ஊர்ப்பெயர் என்று அது பலவகைப்படும். உங்களை நான் குறை கூற மாட்டேன். அந்தத் தகுதி எனக்கில்லை. அடுத்த முறை இத்தகைய படம் ஒன்றைப் பார்த்துச் சிரிக்கும்போது, வேடமிட்டவனைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், எதிரே நின்று விகுதியை மாற்றுபவரையும் பாருங்கள். விடுதி வாயிலில் சேற்றுக் காலோடு யாரேனும் வந்து நின்று, "யார் இவர்?" என்று ஒருவர் கேட்கும்போது, "என் அப்பா" என்று சொல்லுங்கள். இரண்டே சொற்கள்தாம். நான் அவற்றைச் சொல்லியிருந்தால், அந்த மழையில் அவர் சாப்பிடாமல் ஊர் திரும்பியிருக்க மாட்டார்.